கடாரம் கொண்ட ராஜேந்திர சோழன்: மெர்போக் மலையடிவாரக் கோயிலைக் கட்டியது அவரா?

கூலிமிலிருந்து சுங்கை பட்டாணி வழியாகக் காரில் போனால், சுமார் ஒரு மணி நேரத்தில் மெர்போக் வந்துவிடும். அங்கே குனோங் ஜெராய் மலையடிவாரத்தில், ஓடையை ஒட்டி, கூரை இல்லாத ஒரு கருங்கல் கோயில் இருக்கிறது. பெயர் சண்டி புக்கிட் பத்து பஹாட். பள்ளிச் சுற்றுலாவில் போய், கல்மேடையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பியவர்கள் கெடாவில் நிறைய பேர்.

அங்கே போகும் தமிழ்ப் பிள்ளைகளிடம் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: இதெல்லாம் ராஜேந்திர சோழன் கட்டினது, இந்த மண்ணை ஒரு காலத்தில் நாமதான் ஆண்டோம் என்று. டிக்டாக்கிலும் வாட்ஸ்ஆப் குழுக்களிலும் இதே கதைதான் சுற்றுகிறது. 2019இல் விக்ரம் நடித்து வந்த படத்துக்குக்கூட 'கடாரம் கொண்டான்' என்றுதான் பெயர்.

கடாரம் என்பது இன்றைய கெடா என்பதைப் பெரும்பாலான வரலாற்று ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ராஜேந்திரன் படை இங்கே வந்ததும் உண்மை. அப்போ அந்தக் கோயிலும் அவருடையதுதானா? பதில் சொல்ல, அந்த மன்னரின் வாழ்க்கையை முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

யார் இந்த ராஜேந்திரன்?

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய முதலாம் ராஜராஜனின் மகன். தாய் வானவன் மாதேவி. இயற்பெயர் மதுராந்தகன். பிறந்த நட்சத்திரம் ஆடித் திருவாதிரை என்பது திருவாரூர்க் கல்வெட்டிலிருந்து தெரிகிறது. அதனால்தான் இன்றும் தமிழ்நாட்டில் ஆடித் திருவாதிரை அன்று அவருக்கு விழா எடுக்கிறார்கள்.

பெரிய அப்பாவுக்குப் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. எதைச் செய்தாலும் அப்பாவோடு ஒப்பிடுவார்கள். ராஜேந்திரனுக்கும் அதே நிலைமைதான். அவர் அரியணைக்கு வரும் முன்பே தென்னிந்தியாவின் பெரும்பகுதி சோழர் கையில் இருந்தது. இலங்கையின் வடபகுதியும் அப்படித்தான். தஞ்சைக் கோயில் 1010இல் முடிந்திருந்தது.

இளவரசராக இருந்தபோதே அவர் படைத் தலைவர். 1007ஆம் ஆண்டையொட்டி மேலைச் சாளுக்கியர் நாட்டின் மீது நடந்த போரை அவர் வழிநடத்தினார். அந்தப் போரைப் பற்றிக் கர்நாடகத்தின் ஹொட்டூரில் உள்ள எதிர்த்தரப்புக் கல்வெட்டு வேறு கதை சொல்கிறது. சோழப் படை நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை என்கிறது அது. வென்றவரின் கல்வெட்டை மட்டும் படித்தால் இந்தப் பக்கம் நமக்குத் தெரியவே தெரியாது.

1012இல் தந்தை அவரை இணையரசராக்கினார். 1014இல் ராஜராஜன் மறைந்ததும் முழு ஆட்சியும் அவரிடம் வந்தது. தந்தை காட்டிய வழியிலேயே 1018இல் தம் மகன் ராஜாதிராஜனை இணையரசராக்கினார். அடுத்தது யார் என்ற சண்டை வரக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

இலங்கை முதல் கங்கை வரை

ஆட்சியின் தொடக்கத்திலேயே இலங்கை மீது படை போனது. பாண்டிய மன்னர் ஒருவர் பாதுகாப்புக்காகச் சிங்கள அரசரிடம் ஒப்படைத்திருந்த மணிமுடியை ராஜராஜனால் மீட்க முடியவில்லை. ராஜேந்திரன் படை அதைக் கைப்பற்றியது. அரசர் ஐந்தாம் மகிந்தனும் சிறைபிடிக்கப்பட்டார். 12 ஆண்டுகள் சோழ நாட்டில் கைதியாக இருந்து அங்கேயே இறந்தார். பௌத்த மடங்களைச் சோழர் உடைத்துக் கொள்ளையடித்ததை இலங்கையின் சூளவம்சம் பதிவு செய்திருக்கிறது.

அடுத்தது வடக்கு. 1022ஐ ஒட்டி, சோழப் படை ஒன்று ஒடிசா வழியாக வங்காளம் வரை போனது. பால வம்சத்து மகிபாலன் உட்படப் பலரை வென்று, கங்கை நீரைக் குடங்களில் எடுத்து வந்தது. ராஜேந்திரன் நேரில் கங்கைக்குப் போகவில்லை. கோதாவரிக் கரையில் காத்திருந்து, திரும்பி வந்த தளபதியை எதிர்கொண்டார் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது.

கங்கை வரை போனவர்கள் அந்த நாடுகளை ஆளவில்லை. வென்றோம் என்று காட்டிவிட்டுத் திரும்பிவிட்டார்கள். கடாரத்தில் நடந்ததைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

நண்பர்கள் எப்படி எதிரியானார்கள்?

கடாரத்து அரசருக்கும் சோழருக்கும் முதலில் நல்ல உறவு இருந்தது. கடாரம் அப்போது, சுமத்ராவின் பலெம்பாங்கை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசோடு சேர்ந்தது. அதன் மன்னர் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் தம் தந்தை சூளாமணிவர்மனின் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை கட்டினார். 1006ஐ ஒட்டி ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுத்தார். அந்தக் கொடையைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவர் ராஜேந்திரன்தான். நெதர்லாந்தின் லைடன் நகருக்குப் போய்ச் சேர்ந்ததால் அதற்கு லைடன் செப்பேடு என்றே பெயர் வந்துவிட்டது.

ராஜேந்திரன் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலும், நாகப்பட்டினத்துச் சிவன் கோயிலுக்குக் கடாரத்து அரசரின் முகவர்கள் சீனப் பொன் உட்படப் பல கொடைகள் தந்தார்கள். இவ்வளவு நெருக்கமாக இருந்தவர்கள் மீது 1025இல் கப்பற்படை ஏன் போனது?

கல்வெட்டு காரணம் சொல்லவில்லை. ஆய்வாளர்கள் வணிகத்தைக் காட்டுகிறார்கள். சீனாவில் அப்போது சோங் வம்ச ஆட்சி. மிளகு, சந்தனம், கற்பூரம், முத்து, துணி என்று எல்லாவற்றுக்கும் அங்கே பெரிய சந்தை. 1015இல் சோழத் தூதர்கள் சீன அரசவைக்குப் போயிருந்தார்கள். ஆனா, சீனாவுக்குப் போகும் கப்பல்களுக்கு மலாக்கா நீரிணைதான் முக்கிய வழி. அந்தக் கழுத்து ஸ்ரீவிஜயத்தின் கையில் இருந்தது. டோல் சாவடி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அதன் கெடுபிடி தமிழ் வணிகருக்கு இடைஞ்சலானது என்பது ஒரு கருத்து. கங்கை வெற்றிக்குப் பிறகு கடல் தாண்டியும் புகழ் வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்திருக்கலாம் என்பது இன்னொரு கருத்து.

1025இல் கெடாவில் என்ன நடந்தது?

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள கல்வெட்டு 13 இடங்களைப் பட்டியல் போடுகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், மாபப்பாளம், மேவிலிம்பங்கம், வளைப்பந்தூரு, தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம், கடைசியாகக் கடாரம். இலங்காசோகம் என்பது பட்டாணியைச் சுற்றியிருந்த லங்காசுகா. மாதமாலிங்கம் தாய்லாந்தின் நாகோன் சி தம்மராட் பகுதி. இலாமுரிதேசம் இன்றைய ஆச்சே. மாநக்கவாரம் நிக்கோபார் தீவுகள்.

கடாரத்து அரசர் சங்கிராமவிஜயோத்துங்கவர்மன் சிறைபிடிக்கப்பட்டார். அவருடைய யானைகளும், சேர்த்து வைத்திருந்த செல்வமும், வித்தியாதரத் தோரணம் என்ற அலங்கார வாயிலும், மணிகள் பதித்த கதவும் சோழர் கைக்குப் போயின. கல்வெட்டு சொல்லும் செய்தி இவ்வளவுதான். ஆளுநரை வைத்ததாகவோ, வரி வசூலித்ததாகவோ, கோயில் கட்டியதாகவோ அதில் ஒரு வார்த்தையும் இல்லை. சோழ நாட்டுக்குள் எந்த ஊரில் எத்தனை விளக்கு எரிய வேண்டும், அதற்கு எத்தனை ஆடு என்றுகூட எழுதி வைத்தவர்கள் அவர்கள். கெடாவில் கற்கோயில் எழுப்பியிருந்தால் சும்மா விட்டிருப்பார்களா?

மலாய் மரபும் இந்தப் படையெடுப்பை மறக்கவில்லை என்று கருதுவோர் உண்டு. செஜாரா மெலாயு நூலில் ராஜா சூரான், ராஜா சூலான் என்ற இந்திய அரசர்களின் கதை வருகிறது. கங்கா நெகாரா என்ற நாட்டின் மீதான படையெடுப்பு, கடலடியில் பயணம் என்று போகும் அந்தக் கதை, மலாய் அரச வம்சத்தின் வேரோடு அவர்களை முடிச்சுப் போடுகிறது. அந்தப் பெயர்களில் சோழரின் எதிரொலி இருப்பதாக ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். கோலாலம்பூரின் ஜாலான் ராஜா சூலானையும் பலர் ராஜேந்திரனோடு சேர்த்துப் பேசுவார்கள். அது தவறு. அந்தச் சாலைக்குப் பேராக் அரச குடும்பத்தைச் சேர்ந்த ராஜா சர் சூலானின் பெயர்தான் வைக்கப்பட்டது.

அவர் உண்மையில் கட்டிய கோயில்

ராஜேந்திரனின் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றால் தமிழ்நாட்டின் அரியலூர் மாவட்டத்துக்குப் போக வேண்டும். தஞ்சாவூரை விட்டுவிட்டு, கொள்ளிடத்துக்கு வடக்கே புதிய தலைநகரை உருவாக்கினார். அதுதான் கங்கைகொண்ட சோழபுரம். வடக்கிலிருந்து வந்த கங்கை நீரின் நினைவாகச் சோழகங்கம் என்ற மிகப்பெரிய ஏரியை வெட்டினார். செப்பேடு அதை நீரால் ஆன வெற்றித் தூண் என்று வர்ணிக்கிறது. படையெடுப்பின் நினைவுச் சின்னம், உழவருக்குப் பாசனமாகவும் ஆனது.

நகரின் நடுவே 1035இல் சிவன் கோயில் நிறைவடைந்தது. அதன் விமானம், அதாவது கருவறைக்கு மேல் எழும் கோபுரம், 53 மீட்டர் உயரம். தஞ்சை விமானம் இதைவிட உயரம். அது 13 நிலைகளோடு நேர்க்கோட்டில் விறைப்பாக ஏறும். இதுவோ 9 நிலைகளோடு, இடையில் மெல்ல வளைந்து ஏறும். அப்பாவின் கோயிலைவிட உயரமாகக் கட்டும் வசதி மகனுக்கு இருந்தது. கட்டவில்லை. தந்தை மீதான மரியாதை என்று சொல்பவர்கள் உண்டு. எப்படியோ, ஒப்பீட்டில் ஜெயிக்க உயரத்தை அவர் நம்பவில்லை என்பது பார்த்தாலே தெரியும்.

வடக்கு வாயில் பக்கத்தில் ஒரு சிற்பம் இருக்கிறது. சிவபெருமான் தம் காலடியில் அமர்ந்த சண்டேசர் தலையில் பூமாலையைச் சுற்றுகிறார். பக்தனுக்குக் கடவுள் முடி சூட்டும் காட்சி. அந்தச் சண்டேசரில் ராஜேந்திரன் தம்மையே கண்டிருக்கலாம் என்று கலை வரலாற்றாளர்கள் பலர் கருதுகிறார்கள்.

போர் மட்டுமே அவர் வாழ்க்கை இல்லை. எண்ணாயிரம் என்ற ஊரின் கல்லூரியில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்ததையும், அவர்களுக்கான நெல் அளவையும் அவர் காலத்துக் கல்வெட்டு பட்டியலிடுகிறது. மாற்றாந்தாய் பஞ்சவன் மாதேவி மறைந்தபோது, பழையாறைப் பகுதியில் அவருக்குப் பள்ளிப்படைக் கோயில் எழுப்பினார். திருவாரூரில், தாமும் தம் அன்புக்குரிய பரவை நங்கையும் சேர்ந்து நின்ற இடத்தில் ஒரு விளக்கு எரிய ஏற்பாடு செய்தார்.

1044இல் மறைந்தார். தொண்டை நாட்டுப் பிரம்மதேசத்தில் அவர் இறந்ததாக அங்குள்ள கல்வெட்டிலிருந்து தெரிகிறது. அரசி வீரமாதேவி அவரோடு உயிர் துறந்தார். அரசியின் சகோதரர் அங்கே தண்ணீர்ப் பந்தல் வைத்தார்.

அப்போ மெர்போக் கோயில் யாருடையது?

புக்கிட் பத்து பஹாட் என்றால் உளி கொண்டு செதுக்கிய கல் இருக்கும் குன்று என்று பொருள். 1936-37இல் இங்கிலாந்தைச் சேர்ந்த குவாரிச் வேல்ஸ் தம்பதி பூஜாங் பள்ளத்தாக்கில் அகழாய்வு செய்து, இந்தக் கோயிலுக்கு 8ஆம் எண் கொடுத்தார்கள். 1959-60இல் அலஸ்டர் லாம்ப் மீண்டும் ஆய்ந்து, கற்களை அதே இடத்தில் அடுக்கி நிறுத்தினார். இதன் காலம் பற்றி ஒரே கருத்து இல்லை. வேல்ஸ் 7, 8ஆம் நூற்றாண்டு என்றார். லாம்ப் 10, 11ஆம் நூற்றாண்டு பக்கம் சாய்ந்தார். அதற்கும் பிந்தியது என்போரும் உண்டு.

நேரில் போகும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்க.

ஒன்று, அமைப்பு. கருவறையும் அதன் முன்னே மண்டபமும் இருக்கின்றன. நம்ம ஊர்க் கோயில் அமைப்புதான். பலர் இதைச் சைவக் கோயில் என்கிறார்கள்.

இரண்டு, மண்டபத்தில் வரிசையாக இருக்கும் கல் பீடங்கள். நடுவில் குழி இருக்கும். அவை மரத்தூண்கள் நின்ற இடம். கங்கைகொண்ட சோழபுரம் அடி முதல் முடி வரை கல். இங்கே அடித்தளமும் சுவரும் கல், மேலே மரம். கூரை அத்தாப்பு மாதிரியான ஓலையாக இருந்திருக்கலாம். கொட்டுகிற மழைக்கும் கைக்கு எட்டிய காட்டு மரத்துக்கும் ஏற்ற, இந்த மண்ணின் கட்டட முறை இது. சோழச் சிற்பிகள் வந்து கட்டியிருந்தால் இப்படி இருந்திருக்காது.

மூன்று, பக்கத்து அருங்காட்சியகத்தில் உள்ள கல் பேழைகள். செப்புச் சிமிழ், மணிக்கற்கள் போன்றவற்றை வைத்துக் கோயிலுக்கு அடியில் புதைத்தவை. கட்டடம் எழுப்பும் முன் நவமணி இடும் வழக்கம் நமக்கும் உண்டே, அதற்கு உறவான சடங்கு.

பூஜாங் பள்ளத்தாக்கில் இதுபோல இன்னும் பல கோயில்கள், செங்கல்லிலும் செம்புரைக்கல்லிலும், இந்து சமயத்துக்கும் பௌத்தத்துக்கும் உரியவையாகக் கிடைத்திருக்கின்றன. சீனப் பீங்கானும் மேற்காசியக் கண்ணாடியும் கிடைத்தன. 2009 முதல் சுங்கை பத்துவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வில் இரும்பு உருக்கிய இடங்கள் வெளிவந்தன. ராஜேந்திரன் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே தொழில் இருந்தது, துறைமுகம் இருந்தது.

கூலிமுக்கு இன்னும் பக்கத்திலும் சான்று உண்டு. புக்கிட் மெர்தாஜாமில் செயின்ட் ஆன் தேவாலய வளாகத்தில் இருக்கும் செரோக் தோக்குன் பாறையில், பல்லவர் எழுத்தை ஒத்த பழைய எழுத்துகள் உள்ளன. 1840களில் ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி அதைப் பதிவு செய்தார்.

கடலில் வருவோருக்கு 1,217 மீட்டர் உயர ஜெராய் மலைதான் அடையாளம். வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்த கப்பல்கள் இங்கே கரை ஒதுங்கி, காற்று திரும்பும் வரை காத்திருந்தன. அப்படித் தங்கிய வணிகர்களும், அவர்களோடு வாழ்ந்த உள்ளூர் மக்களும், அவர்களின் தெய்வங்களை ஏற்ற தலைவர்களும் சேர்ந்து எழுப்பியவை இந்தக் கோயில்கள் என்பதே கிடைத்துள்ள பொருள்கள் காட்டும் படம். மன்னரின் கடற்படை வந்தது ஒரு முறை. வணிகர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1088இல் சுமத்ராவின் பாருஸில் தமிழ் வணிகக் குழு ஒன்று தமிழிலேயே கல்வெட்டு வைத்தது. 1090இல் முதலாம் குலோத்துங்கன், கடாரத்து அரசர் கேட்டதற்கு இணங்க நாகப்பட்டினம் விகாரையின் ஊர்களுக்கு வரிச்சலுகை கொடுத்தார். இந்தக் குலோத்துங்கன் ராஜேந்திரனின் மகள் வயிற்றுப் பேரன். தாத்தா கொள்ளையடித்த நாட்டோடு பேரன் மறுபடியும் நட்பு பாராட்டினார்.

இது ஏன் இன்றைக்கு முக்கியம்?

வந்தேறிகள் என்று யாராவது சொன்னால், நாங்க இங்கே ஆண்டவங்க என்று ராஜேந்திரனைக் கொண்டுவந்து நிறுத்துவது நம்மில் பலருக்குப் பழக்கம். கோபம் புரிகிறது. ஆனா அந்த வாதத்தில் இரண்டு ஓட்டைகள். அவர் ஆளவில்லை, அடித்துவிட்டுப் போனார் என்பது ஒன்று. கூலிமைச் சுற்றிய தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் தாத்தா பாட்டிகள் அந்தக் கப்பற்படையில் வரவில்லை என்பது இன்னொன்று. அவர்கள் கங்காணி ஆள் சேர்த்தும், பிறகு தாங்களாகவும் வந்தவர்கள். ரஜூலா போன்ற கப்பல்களில், அதே நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்து இறங்கியவர்கள். இந்த நாட்டின் மீது அவர்களுக்குள்ள உரிமை, இங்கே உழைத்ததாலும் குடியுரிமையாலும் வந்தது. அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முந்திய போர் ஒன்று சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

சாட்சி தேவைப்படுவது அந்தக் கற்களுக்குத்தான். 2013 இறுதியில், பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் கொண்ட பழங்கோயில், நில மேம்பாட்டு வேலையில் இடிக்கப்பட்டுவிட்டது என்ற செய்தி வெளியானது. தனியார் நிலத்தில் இருந்த அது, தேசிய மரபுடைமைச் சட்டத்தின் கீழ் பதிவாகாமல் இருந்தது. எல்லா இனத்தவரும் கண்டனம் தெரிவித்தார்கள். போனது போனதுதான்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் இப்படி நடந்திருக்கிறது. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்டும் வேலைக்கு அந்தக் கோயில் வளாகத்தின் மதிலையும் மற்றக் கட்டடங்களையும் உடைத்துக் கல் எடுத்துப் போனார்கள். எஞ்சியதைத்தான் 2004இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. கங்கை முதல் கடாரம் வரை வென்ற மன்னரின் தலைநகரில் இன்று அரண்மனை இல்லை, செங்கல் அடித்தளம் மட்டும்தான் மிச்சம்.

மெர்போக் கோயிலில் எந்த மன்னரின் பெயரும் இல்லை. அதைக் கட்டியவர்களின் வாழ்க்கை வரலாற்றை யாரும் எழுதப்போவதும் இல்லை. அடுத்த பள்ளி விடுமுறையில் அங்கே போனீங்கன்னா, படம் எடுக்கும் முன் அந்தத் தூண் குழிகளை ஒரு தடவை குனிந்து பாருங்க. பதிவாகாத இடம் ஏதாவது உங்க ஊர்ப் பக்கம் மண்மேடாகவோ கல்குவியலாகவோ இருந்தால், அருங்காட்சியகத்துக்குத் தகவல் சொல்லுங்க.